விமானத்துக்கு ‘போலாம் ரைட்’ சொல்வது யார்? விமானி பேச்சை ரேடியோவில் கேட்டு ரசிக்கும் அமெரிக்கர்கள்!

நம்ம ஊரில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து காதில் ரேடியோவை ஒட்ட வைத்துக்கொண்டு கிரிக்கெட் கமெண்ட்ரி கேட்ட காலம் ஒன்று உண்டு. அமெரிக்காவில் இன்றைக்கும் ஒரு கூட்டம் அப்படித்தான் ரேடியோவும் கையுமாக அலைகிறது. ஆனால் அவர்கள் கேட்பது கிரிக்கெட் அல்ல, பாட்டும் அல்ல. தலைக்கு மேலே பறக்கிற விமானத்தின் பைலட்டும், கீழே இருக்கிற கட்டுப்பாட்டு அறை அதிகாரியும் பேசிக்கொள்வதை நேரடியாக கேட்கிறார்கள்.

இதில் என்னய்யா சுவாரஸ்யம் என்று நினைக்கலாம். ஒரு வார்த்தை சரியாக காதில் விழாததால் நூற்றுக்கணக்கான பேர் செத்ததும் இந்த ரேடியோவில்தான். விமானம் ஓட்டவே தெரியாத ஒரு பயணி பத்திரமாக தரை இறங்கியதும் இதே ரேடியோவில்தான். அதுபற்றிய விவரம் வருமாறு:-

ஆற்றங்கரையில் கூட்டம்

அமெரிக்க தலைநகர் வாஷிங்டன் அருகே ரீகன் விமான நிலையத்தை ஒட்டி கிராவெலி பாயிண்ட் என்ற பூங்கா இருக்கிறது. ஓடுபாதை பக்கத்திலேயே இருப்பதால் விமானம் தலையை உரசுவதுபோல் இறங்கும். சாயங்காலமானால் குடும்பத்தோடு வந்து வேடிக்கை பார்ப்பார்கள். அதில் சிலர் கையில் ‘ஸ்கேனர்’ எனப்படும் சின்ன ரேடியோ பெட்டி இருக்கும். எந்த விமானம் வருகிறது, எதை காத்திருக்க சொல்கிறார்கள் என்பதை காதால் கேட்டு, கண்ணால் பார்ப்பார்கள்.

ரேடியோ பெட்டி இல்லாதவர்களுக்கும் வழி இருக்கிறது. டேவ் பாஸ்கோ என்ற அமெரிக்கர் தொடங்கிய ‘லைவ் ஏ.டி.சி.’ என்ற இணைய சேவையில் பல நாட்டு விமான நிலையங்களின் பேச்சு ஓடுகிறது. விமான நிலையத்துக்கு அருகில் வசிக்கும் ஆர்வலர்கள் தங்கள் வீட்டு ரேடியோவில் பிடித்ததை இணையத்தில் ஏற்றி விடுகிறார்கள். அவ்வளவுதான் விஷயம்.

யுனைடெட் ஏர்லைன்ஸ் நிறுவனம் ஒரு காலத்தில் பயணிகளுக்கே இந்த வசதியை கொடுத்தது. சீட்டில் ஹெட்போனை மாட்டி 9-வது சேனலை வைத்தால் தங்கள் விமானத்தின் பைலட் பேசுவதை கேட்கலாம். பைலட் மனசு வைத்தால்தான் அந்த சேனல் ஓடும்.

எப்.எம்.முக்கு பக்கத்து வீடு

நாம் பாட்டு கேட்கும் எப்.எம். ரேடியோ 88 முதல் 108 மெகா ஹெர்ட்ஸ் வரை. அதற்கு அடுத்த வீடுதான் விமானங்களுடையது. 108-ல் இருந்து 118 வரை வழிகாட்டும் கருவிகளின் சிக்னல். 118-ல் இருந்து 137 வரை பேச்சு. எப்.எம். முள்ளை 108-க்கு மேலே தள்ள முடிந்தால் விமானிகளின் ராஜ்யம் வந்துவிடும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் சாதாரண எப்.எம். பெட்டியில் இது கேட்காது. ஏனென்றால் விமானங்கள் இன்னமும் பழைய ஏ.எம். முறையில்தான் பேசுகின்றன. அதற்கு ஒரு காரணம் உண்டு. எப்.எம்.மில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் பலமான சிக்னல் மட்டும் கேட்கும். இன்னொருவர் பேசினார் என்பதே தெரியாது. ஏ.எம்.மில் இருவரும் மோதி ‘கீ....’ என்று ஒரு சத்தம் வரும். யாரோ குறுக்கே பேசிவிட்டார்கள் என்பதாவது தெரியும்.

இந்த அலை நேர்கோட்டில்தான் போகும். மலை, பெரிய கட்டிடம் குறுக்கே வந்தால் அடைபடும். 35 ஆயிரம் அடி உயரத்தில் போகும் விமானத்தின் பேச்சு 300 கிலோ மீட்டர் தள்ளி இருப்பவருக்கும் கேட்கும். ஆனால் தரையில் இருக்கும் டவர் பேசுவது கொஞ்சம் தள்ளிப் போனாலே கேட்காது. அதனால் வீட்டில் இருந்து கேட்பவர்களுக்கு பல நேரம் பைலட் சொல்லும் பதில் மட்டும் கேட்கும். கேள்வியை இவர்களே ஊகிக்க வேண்டியதுதான்.

கை மாறும் விமானம்

ஒரு விமானம் கிளம்பி இறங்குவதற்குள் பல கை மாறுகிறது. முதலில் எந்த வழியாக போக வேண்டும் என்று அனுமதி கொடுக்க ஒருவர். நிறுத்திய இடத்தில் இருந்து ஓடுபாதை வரை ஓட்டிப்போக ‘கிரவுண்ட்’ அதிகாரி. ஓடுபாதையில் ஏற, இறங்க ‘டவர்’ அதிகாரி. மேலே ஏறியதும் இன்னொருவர். உயரத்துக்கு போன பிறகு ‘சென்டர்’ எனப்படும் பெரிய கட்டுப்பாட்டு மையம். இறங்கும்போது இதெல்லாம் அப்படியே திரும்பி வரும்.

ஒவ்வொருவருக்கும் தனித்தனி அலைவரிசை. ‘இனி இந்த நம்பருக்கு மாறு’ என்று சொன்னதும் பைலட் அதை திருப்பிச் சொல்லிவிட்டு மாறுவார். ரேடியோ ஆசாமிகளும் பின்னாடியே அந்த நம்பருக்கு மாறி ஒரே விமானத்தை துரத்துவார்கள். இதுதான் அவர்களுக்கு கிக்.

இதுதவிர 121.5 என்று ஒரு நம்பர் இருக்கிறது. அது உலகம் முழுக்க ஆபத்து அழைப்புக்கு மட்டும். சும்மா அரட்டை அடிக்க அங்கே போகக்கூடாது.

திருப்பி சொல்லியே ஆகணும்

நம்ம ஊர் பஸ்சில் கண்டக்டர் ‘போலாம் ரைட்’ சொல்லாமல் டிரைவர் வண்டியை எடுக்க மாட்டார். விமானத்திலும் அதே கதைதான். ஒரு படி மேலே, கண்டக்டர் சொன்னதை டிரைவர் திருப்பிச் சொல்ல வேண்டும். ‘இத்தனாயிரம் அடிக்கு இறங்கு’ என்று அதிகாரி சொன்னால், பைலட் அந்த அடியையும் தன் விமானத்தின் பெயரையும் சேர்த்து திருப்பிச் சொல்வார். தப்பாக சொன்னால் அதிகாரி உடனே பிடித்துக்கொள்வார்.

எழுத்துகளுக்கும் தனி பெயர் உண்டு. ஏ என்றால் ஆல்பா, பி என்றால் பிராவோ, சி என்றால் சார்லி. ‘பி’யும் ‘டி’யும் இரைச்சலில் ஒன்றுபோல் கேட்கும் என்பதால் இந்த ஏற்பாடு. ஆங்கிலத்தில் பைவ், நைன் இரண்டும் குழப்பும் என்பதால் நைனை ‘நைனர்’ என்று சொல்வார்கள்.

புதிதாக கேட்பவர்கள் தெரிந்துகொள்ள சில வார்த்தைகள்:-

ரோஜர் - நீ சொன்னது காதில் விழுந்தது. (சம்மதம் என்று அர்த்தம் இல்லை)

வில்கோ - சொன்னபடி செய்கிறேன்.

அனேபிள் - முடியாது.

கோ அரவுண்ட் - இறங்காதே, மறுபடி மேலே ஏறி சுற்றி வா.

ஹெவி - பெரிய விமானம், பின்னால் வருபவர் இடைவெளி விடவும்.

பான் பான் - அவசரம், ஆனால் உயிருக்கு உடனடி ஆபத்து இல்லை.

மேடே - உயிருக்கு ஆபத்து. மூன்று தடவை சொல்ல வேண்டும்.

விமான கம்பெனிகளுக்கும் ரேடியோவில் புனைப்பெயர் இருக்கிறது. பிரிட்டிஷ் ஏர்வேஸ் ‘ஸ்பீடுபேர்டு’. தைவானின் சைனா ஏர்லைன்ஸ் ‘டைனஸ்டி’. நம்ம நாட்டு இண்டிகோ ‘ஐபிளை’.

583 உயிரை குடித்த குழப்பம்

இவ்வளவு கெடுபிடி எதற்கு என்று கேட்டால், 1977-ம் ஆண்டு மார்ச் 27-ந்தேதி நடந்ததை சொல்வார்கள். ஸ்பெயின் நாட்டின் டெனரீப் தீவு. பக்கத்து தீவு விமான நிலையத்தில் குண்டு வெடித்ததால் விமானங்கள் எல்லாம் இங்கே திருப்பி விடப்பட்டன. சின்ன விமான நிலையம். கண் தெரியாத பனி.

நெதர்லாந்தின் கே.எல்.எம். ஜம்போ விமானம் ஓடுபாதை முனையில் கிளம்ப தயாராக நின்றது. அதே ஓடுபாதையில் அமெரிக்காவின் பான் ஆம் ஜம்போ விமானம் ஊர்ந்து வந்துகொண்டு இருந்தது. கே.எல்.எம். விமானி, தாங்கள் கிளம்புவதாக புரியாத மாதிரி ஒரு வாசகத்தை சொன்னார். டவர் அதிகாரி ‘ஓ.கே.’ என்றார். அடுத்த நொடி, ‘பொறு, நான் கூப்பிடுகிறேன்’ என்று சொன்னார். அதே நேரத்தில் பான் ஆம் விமானி, ‘நாங்கள் இன்னும் ஓடுபாதையில்தான் இருக்கிறோம்’ என்று கத்தினார்.

இருவரும் ஒரே நேரத்தில் பேசியதால் கே.எல்.எம். விமானத்தில் ‘கீ....’ சத்தம்தான் தெளிவாக கேட்டது. ‘ஓ.கே.’ மட்டும் மனதில் பதிந்தது. ‘ரைட்’ சொல்லாமலே வண்டி கிளம்பிவிட்டது. இரண்டு ஜம்போவும் மோதி 583 பேர் பலியானார்கள். கே.எல்.எம்.மில் இருந்த 248 பேரில் ஒருவர்கூட பிழைக்கவில்லை. விமான வரலாற்றில் இதைவிட பெரிய விபத்து இதுவரை இல்லை.

அதற்கு பிறகுதான் ‘டேக் ஆப்’ என்ற வார்த்தைக்கு கட்டுப்பாடு வந்தது. கிளம்ப அனுமதி கொடுக்கும்போதோ, அதை ரத்து செய்யும்போதோ தவிர வேறு எப்போதும் அந்த வார்த்தையை ரேடியோவில் சொல்லக்கூடாது. மற்ற நேரத்தில் ‘டிபார்ச்சர்’ என்றுதான் சொல்ல வேண்டும். ரேடியோ கேட்பவர்கள் இதை கவனித்துப் பார்க்கலாம்.

நம்ம நாட்டிலும் நடந்தது

1996-ம் ஆண்டு நவம்பர் 12-ந்தேதி சாயங்காலம், டெல்லியில் இருந்து கிளம்பிய சவுதி விமானமும், டெல்லிக்கு இறங்க வந்த கஜகஸ்தான் விமானமும் அரியானா மாநிலம் சார்க்கி தாத்ரி மேலே வானத்திலேயே மோதின. 349 பேர் பலியானார்கள்.

சவுதி விமானத்தை 14 ஆயிரம் அடியிலும், கஜகஸ்தான் விமானத்தை 15 ஆயிரம் அடியிலும் இருக்கச் சொல்லி இருந்தார் டெல்லி அதிகாரி. எதிரில் விமானம் வருவதையும் எச்சரித்தார். ஆனால் கஜகஸ்தான் விமானம் சொன்ன உயரத்தை தாண்டி கீழே இறங்கிவிட்டது. அதில் ரேடியோ பேச தனியாக ஒரு ஆள் இருந்தார். ஆங்கிலத்தில் வந்ததை அவர் கேட்டு பைலட்டுக்கு சொல்ல வேண்டும். உத்தரவு இப்படி வாய் மாறி போனதும் விசாரணையில் பேசப்பட்டது.

அதன் பிறகு, இந்தியாவில் பறக்கும் பயணிகள் விமானங்களில் மோதலை முன்கூட்டியே எச்சரிக்கும் கருவி கட்டாயம் ஆனது. சர்வதேச விமானிகளுக்கு ஆங்கில தேர்வும் பிற்காலத்தில் வந்தது.

“பைலட் மயங்கிட்டார்... எனக்கு ஓட்ட தெரியாது”

சோகம் மட்டும்தானா என்றால் இல்லை. 2022-ம் ஆண்டு மே 10-ந்தேதி பகாமாஸ் தீவில் இருந்து அமெரிக்காவின் புளோரிடாவுக்கு ஒரு சின்ன செஸ்னா விமானம் வந்தது. நடுவழியில் பைலட்டுக்கு உடல்நிலை மோசமாகி சுயநினைவு தடுமாறியது. பின்னால் உட்கார்ந்திருந்த பயணி முன்னால் வந்து விமானத்தை பிடித்தார். அவருக்கு விமானம் ஓட்டிய அனுபவமே கிடையாது.

ரேடியோவில் அவர் நிலைமையை சொன்னார். எங்கே இருக்கிறாய் என்று கேட்டதற்கு, முன்னால் புளோரிடா கடற்கரை தெரிகிறது, வேறு ஒன்றும் தெரியாது என்றார். இறக்கையை சமமாக வை, கரையோரமாகவே போ என்று அதிகாரி வழி சொன்னார்.

பாம் பீச் விமான நிலையத்தில் அப்போது ஓய்வு நேரத்தில் இருந்த ராபர்ட் மோர்கன் என்ற அதிகாரியை ஓடிப்போய் கூப்பிட்டார்கள். அவர் விமானம் ஓட்ட கற்றுக்கொடுக்கும் வாத்தியாரும்கூட. அந்த ரக விமானத்தின் உள்ளே எந்த கருவி எங்கே இருக்கும் என்ற படத்தை எடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாக ரேடியோவில் சொல்லிக் கொடுத்தார். விமானம் பத்திரமாக ஓடுபாதையில் இறங்கியது. பைலட்டும் உயிர் பிழைத்தார்.

இதில் இன்னொரு கூத்து. தரையில் காத்திருந்த பெரிய விமானத்தின் பைலட்டிடம், ‘இப்போ இறங்கியது பயணிங்க ஓட்டிய விமானம்’ என்று அதிகாரி சொல்ல, அந்த பைலட் நம்ப முடியாமல் வாய் பிளந்தார். அந்த ஆடியோவை உலகமே கேட்டது.

60 அடியில் தப்பிய ஆயிரம் பேர்

2017-ம் ஆண்டு ஜூலை 7-ந்தேதி நள்ளிரவு நெருங்கும் நேரம். சான் பிரான்சிஸ்கோவில் இறங்க வந்த ஏர் கனடா விமானம், ஓடுபாதை என்று நினைத்து பக்கத்து பாதையை நோக்கி வந்தது. அதில் 4 விமானங்கள் வரிசையாக நின்றுகொண்டு இருந்தன.

ஏர் கனடா பைலட்டுக்கே சந்தேகம். ஓடுபாதையில் விளக்கு தெரிகிறதே என்று கேட்டார். ஓடுபாதையில் உன்னைத் தவிர யாரும் இல்லை என்று டவர் சொன்னது. அது உண்மைதான். ஆனால் அவர் வந்தது ஓடுபாதைக்கு அல்ல! கீழே நின்ற விமானத்தின் பைலட் ஒருவர், ‘இந்த ஆள் எங்கே போறான்?’ என்று ரேடியோவில் குரல் கொடுத்தார். ஏர் கனடா சுமார் 60 அடி உயரம் வரை இறங்கி, நூலிழையில் மேலே ஏறியது. மோதி இருந்தால் ஆயிரம் பேருக்கு மேல் ஆபத்தில் சிக்கி இருப்பார்கள்.

ஏர் கனடா விமானத்தின் உள்ளே பைலட்டுகள் பேசியதை பதிவு செய்யும் கருவியில் அந்த நேரத்து பேச்சு அழிந்துவிட்டது. புது பதிவு பழையதன் மேல் ஏறிவிட்டது. ஆனால் ரேடியோவில் பேசியது வெளியே பதிவாகி இருந்ததால், அதை யார் வேண்டுமானாலும் கேட்க முடிந்தது.

அதேபோல 2010-ம் ஆண்டு பிப்ரவரியில் நியூயார்க் கென்னடி விமான நிலைய டவருக்கு ஒரு அதிகாரி தன் பிள்ளையை கூட்டி வந்து, விமானங்களுக்கு உத்தரவு சொல்ல வைத்தார். பைலட்டுகள் சிரித்துக்கொண்டே போனார்கள். அந்த ஆடியோ வெளியே வந்து டி.வி.களில் ஓடியதும் சிரிப்பு அடங்கியது. அதிகாரியும் மேற்பார்வையாளரும் பணியில் இருந்து ஒதுக்கி வைக்கப்பட்டார்கள்.

0.8 நொடி

ஆரம்பத்தில் சொன்னோமே ரீகன் விமான நிலையம், 2025-ம் ஆண்டு ஜனவரி 29-ந்தேதி இரவு அதன் அருகில்தான் பயணிகள் விமானமும் ராணுவ ஹெலிகாப்டரும் மோதி பொட்டோமாக் ஆற்றில் விழுந்தன. விமானத்தில் 64 பேர், ஹெலிகாப்டரில் 3 பேர். 67 பேரும் பலி.

விமானத்தின் பின்பக்கமாக கடந்து போ என்று டவர் அதிகாரி ஹெலிகாப்டருக்கு சொன்னார். ஆனால் அதே நொடியில் ஹெலிகாப்டரில் மைக் பட்டன் 0.8 நொடி அழுத்தப்பட்டு இருந்தது. பட்டனை அழுத்திப் பேசும்போது எதிராளி பேச்சு கேட்காது. அதனால் ‘பின்பக்கமாக’ என்ற முக்கியமான வார்த்தை அவர்களுக்கு கேட்காமல் போயிருக்கலாம் என்று விசாரணை அமைப்பு சொன்னது. இன்னொன்று, விமானமும் ஹெலிகாப்டரும் வேறு வேறு அலைவரிசையில் இருந்தன. டவர் பேசுவது இரண்டுக்கும் கேட்கும். ஆனால் ஒருவர் பேசுவது மற்றவருக்கு கேட்காது. ஹெலிகாப்டர் அனுமதித்த உயரத்துக்கு மேலே பறந்ததும் தெரிய வந்தது.

டெனரீப் விபத்து நடந்து இத்தனை வருஷம் ஆகியும், ஒரே நேரத்தில் இருவர் பேசினால் ஒன்று கெடும் என்ற பிரச்சினை அப்படியே இருக்கிறது.

வாட்ஸ்-அப் ஆடியோவை நம்பாதீங்க

விபத்து நடந்தால் உடனே ‘பைலட்டின் கடைசி பேச்சு’ என்று ஒரு ஆடியோவோ வாசகமோ சுற்றும். 2025-ம் ஆண்டு ஜூன் 12-ந்தேதி ஆமதாபாத்தில் ஏர் இந்தியா விமானம் விழுந்து 260 பேர் பலியானபோதும் இப்படி பல வாசகங்கள் பரவின. ஆனால் விசாரணை அமைப்பின் முதல்கட்ட அறிக்கையில், விமானி ரேடியோவில் கடைசியாக சொன்னதாக இருப்பது ‘மேடே, மேடே, மேடே’ என்ற வார்த்தை மட்டும்தான். எந்த விமானம் என்று அதிகாரி கேட்டார். பதில் வரவில்லை. அதற்கு மேல் சுற்றியதை எல்லாம் நம்பி பார்வர்டு செய்வது, இறந்தவர் குடும்பத்தை நோகடிக்கும்.

சட்டம் என்ன சொல்கிறது?

அமெரிக்காவில் விமான பேச்சை கேட்பது தப்பு இல்லை. கேட்கலாம், குறுக்கே பேசத்தான் கூடாது. ஆனால் பக்கத்து நாடு மாதிரி பேசும் இங்கிலாந்தில் சட்டம் வேறு. அங்கே ரேடியோ பெட்டி கடையில் கிடைக்கும். ஆனால் தனக்கு சம்பந்தம் இல்லாத பேச்சை கேட்க 2006-ம் ஆண்டு வயர்லெஸ் சட்டம் தடை போடுகிறது. ஜப்பானில் கேட்கலாம், கேட்டதை வெளியே சொல்லக்கூடாது.

நம்ம நாட்டிலோ 1933-ம் ஆண்டு வயர்லெஸ் சட்டமே, உரிமம் இல்லாமல் கருவி வைத்திருக்கக்கூடாது என்றது. 2023-ம் ஆண்டு தொலைத்தொடர்பு சட்டமும் ரேடியோ கருவி வைத்திருக்க அனுமதி கேட்கிறது. அதனால் ஆன்லைனில் மலிவாக கிடைக்குதே என்று ஸ்கேனரையோ வாக்கி டாக்கியையோ ஆர்டர் போட்டு, விமான நிலைய காம்பவுண்டு சுவர் பக்கம் போய் நின்றால் போலீஸ் விசாரிக்கும். விஷயம் தெரிந்தவர்களிடம் கேட்டு, அனுமதி என்ன வேண்டும் என்று பார்த்துவிட்டு இறங்குவது நல்லது.

மேலே போகிற விமானத்தை அண்ணாந்து பார்த்து கையாட்டுவதற்கு மட்டும் எந்த லைசென்சும் வேண்டாம்.